ஷெஃபீல்டில் வளர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

சேலத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு இங்கிலாந்தில் இருக்கும் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் கொண்டுபோய் விட நானும் மனைவியும் கூடப் போகிறோம். அவளுக்கு அறை, சாமான் எல்லாம் ஒழுங்காகும்வரை அங்கேயே தங்குவதாகத் திட்டம்.

நான் உருக்குத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன். ஷெஃபீல்டு என்ற பெயரை எவர்சில்வர் தகட்டோடு சேர்த்தே கேட்டுப் பழகியிருக்கிறேன். 1913-இல் ஹாரி பிரேர்லி துருப்பிடிக்காத எஃகை உருக்கியது அங்கேதான் என்று பயிற்சிக் காலத்திலேயே படித்தோம். இணையத்தில் தேடினால் பார்க்க வேண்டிய இடங்கள் என்று பட்டியல் வருகிறது. எனக்கு அது வேண்டாம். அந்த ஊரில் சின்ன வயசில் திரிந்தவர்கள் எழுதுங்கள். எங்கே விளையாடினீர்கள், என்ன தின்றீர்கள், எதில் போனீர்கள்? அதில் எது இன்னும் மிச்சம் இருக்கிறது?

மேட்டுத்தெரு:

நான் இருக்கிறேன். அப்பா நார்தர்ன் ஜெனரல் மருத்துவமனையில் டாக்டராகச் சேர்ந்து, 1976-இல் எங்களை அழைத்துக்கொண்டார். அப்போது எனக்கு ஆறு வயது. 1987 கோடையில் மதுரைக்குத் திரும்பிவிட்டோம். நடுவில் என் பள்ளிப் பருவம் முழுக்க க்ரூக்ஸ் என்ற மேட்டுப் பகுதியில்தான்.

ஷெஃபீல்டில் வளர்ந்ததைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது பஸ் கட்டணத்தைத்தான். சிறுவர்களுக்கு இரண்டு பென்ஸ். நகருக்குள் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் போனாலும் அதே இரண்டு பென்ஸ். எங்கள் வட்டாரத்தை நிர்வகித்த சவுத் யார்க்‌ஷர் கவுண்டி கவுன்சில் 1975-க்குப் பிறகு பத்து வருஷத்துக்கும் மேலாகக் கட்டணத்தை ஏற்றவே இல்லை. விலைவாசி கண்டபடி ஏறிய காலம் அது. லண்டனில் ஆட்சியில் இருந்தவர்கள், லேபரும் சரி, கன்சர்வேட்டிவும் சரி, ஏற்றச் சொல்லி நெருக்கினார்கள். கவுன்சில் மசியவில்லை. வரிப்பணத்தைப் போட்டு பஸ் ஓட்டுவோம், ஜனங்கள் தாராளமாக ஏறட்டும் என்று நின்றார்கள். அந்தப் பிடிவாதத்தில்தான் எங்களுக்கு ஊரே கைக்கு வந்தது.

அந்த இரண்டு பென்ஸ் காசு இப்போதும் கண்ணில் நிற்கிறது. செப்பு நிறம், பெரிசு, நல்ல கனம். ஒரு பக்கம் ராணி, மறு பக்கம் கிரீடத்துக்குள்ளிருந்து எழும்பும் மூன்று இறகுகள். சனிக்கிழமை காலை அம்மா ஆளுக்கு இரண்டு காசு கொடுப்பார், போக ஒன்று, வர ஒன்று. கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடப்பதால் பஸ் வருவதற்குள் உள்ளங்கையில் செம்பு வாடை ஏறிவிடும். 52-ஆம் நம்பர் பஸ். மேல் மாடியில் முன் சீட்டைப் பிடிக்க ஓட்டம். மேலே புகை பிடிக்கலாம் என்பதால் சீட்டுத் துணியெல்லாம் சிகரெட் நெடி. ஆனாலும் க்ரூக்ஸிலிருந்து அந்தச் சரிவில் பஸ் இறங்கும்போது முன்னால் நகரம் முழுக்க விரியும். அதற்காக எந்த நெடியையும் தாங்கலாம்.

வழியில் முதல் நிறுத்தம் வெஸ்டன் பார்க் அருங்காட்சியகம். அனுமதி இலவசம். அங்கே ஸ்னோயி என்ற பதம் செய்த பனிக்கரடி நிற்கும். ஷெஃபீல்டில் வளர்ந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அதைத் தெரியும். ஒட்டினாற்போல் பல்கலைக்கழகத்தின் ஆர்ட்ஸ் டவர், இருபது மாடிக்கு மேல். உள்ளே பேட்டர்நாஸ்டர் என்ற லிஃப்ட். கதவில்லாத பெட்டிகள் ஒரு பக்கம் ஏறியபடி, மறு பக்கம் இறங்கியபடி, நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓடும்போதே காலை வைத்து ஏற வேண்டும், ஓடும்போதே இறங்க வேண்டும். உச்சி மாடியில் இறங்காமல் போனால் பெட்டி தலைகீழாகக் கவிழும் என்று பள்ளிக்கூடம் முழுக்க ஒரு பேச்சு. அரைப் பரீட்சை விடுமுறையில் நானும் எதிர்வீட்டுத் தோழியும் காவலாளி பார்க்காத நேரம் ஏறிக்கொண்டு, இறங்காமலே போய்ப் பார்த்தோம். உச்சியில் வெளிச்சம் போய்விடும். பல்சக்கரம் உறுமும். பெட்டி நேராகவே நின்று, பக்கவாட்டில் ஒரு நகர்வு நகர்ந்து, அந்தப் பக்கமாக இறங்கத் தொடங்கும். அவ்வளவுதான். ஆனால் திங்கட்கிழமை வகுப்பில் எங்களைச் சுற்றி ஒரு கூட்டம். உங்கள் மகள் முதல் வாரத்திலேயே அதில் ஏறட்டும்.

நகர மத்தியில் காசில் ஸ்குவேர். எல்லோரும் சொல்வது 'ஹோல் இன் த ரோடு'. 1967-இல் கட்டியது. சாலைகள் மேலே வட்டமாகச் சுற்றிப் போகும். பாதசாரிகளுக்கு அடியில் சுரங்க நடை. நடுவில் வானம் தெரியும் பெரிய வட்டத் திறப்பு. பெரிய கடைகளுக்குள் அந்தச் சுரங்கத்திலிருந்தே நுழையலாம். அதன் சுவரில் ஒரு மீன் தொட்டி பதித்திருந்தார்கள். பச்சை படிந்த தண்ணீர், அதில் பெரிய மீன்கள் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கும். கண்ணாடியில் சரியாக எங்கள் உயரத்தில் பிள்ளைகளின் கைரேகை, மூக்குத் தடம். யாரைச் சந்திப்பதானாலும் "மீன் தொட்டிகிட்ட" என்றால் போதும். அலைபேசி இல்லாத காலத்தில் ஒரு நகரத்துக்கு அப்படி ஓர் இடம் கட்டாயம் வேண்டும். 1994-இல் டிராமுக்காக அந்தப் பள்ளத்தை மூடிவிட்டார்கள். கடைசி வருஷங்களில் அழுக்கேறி, இருட்டியபின் போகவே பயமாக இருந்தது என்று அங்கேயே இருந்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அது நண்பர்கள் காத்திருக்கும் இடம்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் காசில் மார்க்கெட். பழைய ஷெஃபீல்டு கோட்டையின் இடிபாடுகளுக்கு மேலேயே கட்டிய சந்தை. ஸ்காட்லாந்து ராணி மேரியைப் பல வருஷம் காவலில் வைத்திருந்த கோட்டை அது. அம்மாவுக்கு வரலாறு முக்கியமில்லை, காய்கறிதான். அவர் சுத்த சைவம். மாட்டுக் குடலையும் இரைப்பையையும் வெள்ளை வெள்ளையாக அடுக்கிவைத்திருக்கும் கடையைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக நடப்பார். ஆனால் அந்தக் கடைக்காரப் பெண்மணி "வாம்மா கண்ணு" என்கிற தோரணையில் "லவ்" என்று கூப்பிட்டு ஏதாவது பேசாமல் விடமாட்டார். அங்கே பஸ் ஓட்டுநர் என் அப்பாவையும் அப்படித்தான் கூப்பிடுவார். அப்பாவுக்குப் பழகக் கொஞ்ச நாள் பிடித்தது.

சைவம் என்றதும் ஹென்டர்சன்ஸ் ரெலிஷைச் சொல்லியே ஆக வேண்டும். 1885-இலிருந்து ஷெஃபீல்டில் செய்கிற சாஸ், ஆரஞ்சு லேபிள். வூஸ்டர் சாஸ் மாதிரிதான், ஆனால் இதில் நெத்திலி கிடையாது. வினிகர், சர்க்கரை, கிராம்பு, மிளகாய், பூண்டு, அப்புறம் புளி! ஒருநாள் அம்மா பாட்டிலைத் திருப்பி லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்து, புளி என்று கண்டதும் அடைந்த சந்தோஷம் இருக்கிறதே. அப்போதெல்லாம் புளி வாங்க வேண்டுமென்றால் நகரின் மறுகோடியில் ஒரு பாகிஸ்தானி மளிகைக்கடைக்குப் போக வேண்டும். பனி கொட்டி பஸ் ஓடாத ஒரு வாரம் எங்கள் வீட்டு ரசமே ஹென்டர்சன்ஸில்தான் நடந்தது. லேசான கிராம்பு வாசத்தோடு நன்றாகவே இருக்கும். உள்ளூர்க்காரர்கள் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் 'பை' என்ற பலகாரத்தின் மேல் ஊற்றிச் சாப்பிடுவார்கள். ஆலை என்பது லீவிக்ரீவ் ரோட்டில் ஒரு சின்ன செங்கல் கட்டடம். பல்கலைக்கழகத்துக்கு நடுவிலேயே இருந்தது, 2013-இல் இடம் மாறியது.

வீட்டுக்கு மேலே போல் ஹில்ஸ் என்ற திறந்த மேடு. அந்தக் காலத்தில் மலைக்காற்றை வைத்தே ஈயம் உருக்கிய இடம். மேற்கே ரிவலின் பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் பீக் டிஸ்ட்ரிக்ட் மேட்டுநிலம். ஷெஃபீல்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு அந்தத் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. பனிக்காலத்தில் தேநீர்த் தட்டு, உரச்சாக்கு, எது கிடைத்தாலும் அதில் உட்கார்ந்து சறுக்குவோம். கால்பந்து எனக்குப் பெரிதாக ஓடாது. ஆனால் 1979 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஊரின் இரண்டு அணிகளில் ஷெஃபீல்டு வெட்னஸ்டே, ஷெஃபீல்டு யுனைடெட்டை நான்குக்கு பூஜ்யம் என்று அடித்த நாளை மறக்க முடியாது. மூன்றாம் டிவிஷன் ஆட்டத்துக்கு 49,000 பேருக்கு மேல் கூட்டம். எங்கள் தெருவில் பாதி வீடுகள் கொண்டாட்டம், பாதி வீடுகள் திரையை இழுத்து மூடிவிட்டன.

கிழக்குப் பக்கம்தான் நீங்கள் நினைக்கிற ஷெஃபீல்டு. என் வகுப்பில் சேர்ந்து படித்த ஒருத்தி டார்னலுக்குக் குடிபோனாள். இரண்டு பென்ஸ் தயவில் வாரம் தவறாமல் அவள் வீட்டுக்குப் போவேன். ஆலைகளில் சம்மட்டி விழும் ஒவ்வொரு அடிக்கும் அவர்கள் வீட்டு அலமாரியில் கப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அவள் அம்மா கவனிக்கவே மாட்டார். 1980-இல் உருக்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பதின்மூன்று வாரம் நடந்தது. அந்த வாரங்களில் கப்புகள் சத்தம் போடவில்லை. அப்போதுதான் அந்த அம்மா அலமாரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அவள் அப்பாவுக்கும் வேலை போனது. அதற்குப் பிறகும் அவள் சனிக்கிழமை தவறாமல் மீன் தொட்டிக்கு வந்தாள். காரணம் அதே இரண்டு பென்ஸ். வேலை இல்லாத வீட்டுப் பிள்ளையும் டாக்டர் வீட்டுப் பிள்ளையும் ஒரே சீட்டில் உட்கார்ந்து நூலகத்துக்குப் போனோம், பூங்காவுக்குப் போனோம், கடைவீதியில் ஒன்றுமே வாங்காமல் சுற்றினோம்.

1986 ஏப்ரலில் கவுண்டி கவுன்சிலையே சட்டம் போட்டுக் கலைத்துவிட்டார்கள். கட்டணம் ஒரேயடியாகப் பல மடங்கு ஏறியது. அக்டோபரில் பஸ் தொழிலை யார் வேண்டுமானாலும் நடத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். விதவிதமான வண்டிகள் ஒரே நிறுத்தத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். டார்னல் தோழி முதலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தாள், பிறகு மாதத்துக்கு ஒருமுறை. எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை. டிக்கெட் விலைதான். சரியாக எங்களுக்குப் பதினாறு வயது, ஊரை நன்றாகச் சுற்ற வேண்டிய வயது. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு நகரம் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய சொத்தை அந்த ஊர் கொடுத்தது, வெளியிலிருந்து ஒரு சட்டம் வந்து அதைப் பிடுங்கியது.

கோபுரத்தடி:

மேட்டுத்தெரு அக்கா, நீங்கள் எழுதினதை வாசித்துவிட்டு அண்ணாவுக்கும் அனுப்பினேன். நாங்கள் யாழ்ப்பாணம். 1990-இல் வந்தோம், எனக்கு அப்போது ஐந்து வயது. விங்கோபாங்க் பக்கம் வீடு. அந்தப் பள்ளமும் மீன் தொட்டியும் எனக்கு மங்கலாகத்தான் நினைவு. மூடும்போது ஒன்பது வயது.

என்னுடைய ஷெஃபீல்டு டின்ஸ்லி கூலிங் டவர் இரண்டும்தான். எம்1 நெடுஞ்சாலை மேம்பாலத்துக்குப் பக்கத்திலேயே, கைநீட்டினால் தொடலாம் போல நிற்கும். 76 மீட்டர் உயரம். மின்நிலையம் 1980-இலேயே மூடிவிட்டது. பாலத்துக்கு மிகக் கிட்ட என்பதால் கோபுரங்களை மட்டும் உடைக்காமல் விட்டுவிட்டார்கள். லண்டனில் சொந்தக்காரர் கலியாணம், கோயில் என்று போய்விட்டு இரவில் திரும்பும்போது நாங்கள் பின் சீட்டில் நித்திரை. "கோபுரம் வந்திட்டுது, எழும்புங்கோ" என்று அம்மா தட்டி எழுப்புவா. சப்பாத்தைத் தேடிப் போடுவதற்குள் வீடு வந்துவிடும்.

2008 ஆகஸ்ட் 24, விடியப்புறம் மூன்று மணிக்கு வெடிவைத்து விழுத்தினார்கள். நெடுஞ்சாலையை மூடியிருந்தார்கள். நாங்கள் குடும்பமாக விங்கோபாங்க் குன்றில் ஏறி நின்றோம். சனம் போர்வையோடும் தேத்தண்ணிப் போத்தலோடும் வந்திருந்தது. ஒன்று முழுதாக விழுந்தது. மற்றதில் ஒரு துண்டு விழாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அதைப் பார்த்துச் சனம் கைதட்டியது, அம்மா அழுதா. ஊரில் விட்டுவந்த எதற்கும் எங்கள் முன்னால் அழாத மனுசி.

மெடோஹாலையும் சொல்ல வேண்டும். 1990 செப்டம்பரில் திறந்த பெரிய கடைத்தொகுதி. எங்களுக்கு மழைக்கு ஒதுங்குகிற இடமும் அதுதான், பெடியளோடு கதைத்துக்கொண்டு திரிகிற இடமும் அதுதான். அது நிற்கிற நிலத்தில் முன்பு ஹாட்ஃபீல்ட்ஸ் உருக்காலை இருந்தது. பக்கத்து வீட்டு ஐயா அங்கே வேலை செய்தவர். கடைசி மட்டும் அந்தக் கடைத்தொகுதிக்குள் கால் வைக்கவில்லை. சாமான் வாங்க பஸ் பிடித்து நகரத்துக்குத்தான் போவார்.

உலோகம்:

நான் அங்கே வளர்ந்தவன் இல்லை. 1988-இல் உலோகவியல் படிக்கப் போனவன். ஆனால் அங்கே வளர்ந்த ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தேன், அதனால் இரண்டு வார்த்தை.

வாக்லியில் என் வீட்டுக்கார அம்மா பதினான்கு வயதில் கத்தி, கரண்டி மெருகேற்றும் பட்டறையில் சேர்ந்தவர். அந்தப் பெண்களை 'பஃபர் கேர்ள்ஸ்' என்பார்கள். மெருகுச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் எண்ணெய்ச் சேறு மேலே படாமல் இருக்க ஏப்ரனுக்கு மேல் பழுப்புக் காகிதத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள், தலைக்கு ஒரு துணி, கழுத்துக்குச் சிவப்புக் கைக்குட்டை. எழுபது வயதிலும் அவர் ஒரு கரண்டியைக் கையில் எடுத்தால் முதலில் வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பார்ப்பார். என் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கும் முள்கரண்டி உட்பட. கோடு இருந்தால் அதைத் தனக்கு எடுத்துக்கொள்வார்.

சேலத்தான் சார், உலோகம் தெரிந்த உங்களுக்கு அபிடேல் இண்டஸ்ட்ரியல் ஹேம்லெட் என்ற பழைய எஃகுப் பட்டறை அருங்காட்சியகம் கட்டாயம். மண் மூசையில் எஃகு உருக்கிய பழைய உலை அப்படியே இருக்கிறது.

சேலத்தான்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மனைவியிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். டார்னல் தோழி இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்கச் சொன்னாள்.

அக்கா, இதில் எதெல்லாம் இன்னும் இருக்கிறது? எங்கிருந்து தொடங்கலாம்? எங்கள் வீட்டிலும் சைவம்தான், மனைவிக்குச் சாப்பாட்டுக் கவலை.

மேட்டுத்தெரு:

அவள் ராதரமில் இருக்கிறாள், பாட்டியாகிவிட்டாள். கடைசியாகப் போனபோது நாங்கள் இருவரும் காசில் மார்க்கெட் இருந்த இடத்தைப் போய்ப் பார்த்தோம். சந்தை 2013-இல் மூடி, பிறகு இடித்துவிட்டார்கள். தோண்டிப் பார்த்ததில் கோட்டையின் அடித்தளம் தெரிந்தது. கடைகள் மூர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டன.

ரயில் நிலையத்திலிருந்து தொடங்குங்கள். எதிரே ஹோவர்டு தெருவில் ஏறும்போது ஒரு முழுச் சுவரை அடைத்து ஹாரி பிரேர்லி படம் வரைந்திருக்கிறார்கள். உங்களுக்கு அதுதான் முதல் தரிசனம். மேலே சர்ரி தெருவில் மத்திய நூலகம், 1934-இல் திறந்தது. எங்கள் மழைநாள் எல்லாம் அதற்குள்தான். மாடியில் கிரேவ்ஸ் ஓவியக்கூடம். ஆர்ட்ஸ் டவர், வெஸ்டன் பார்க், லீவிக்ரீவ் ரோட்டில் ஹென்டர்சன்ஸின் பழைய கட்டடம் மூன்றும் பல்கலைக்கழகத்தை ஒட்டியே இருப்பதால் மகளையும் கூட்டிக்கொண்டு ஒரே நடையில் முடிக்கலாம்.

கெல்ஹாம் ஐலண்டு அருங்காட்சியகத்துக்கு ஒரு நாளை முழுதாக ஒதுக்குங்கள். வாசலிலேயே, உருகிய இரும்பில் காற்றை ஊதி எஃகாக்கும் பெஸ்ஸமர் கன்வெர்டர் நிற்கும். உள்ளே ரிவர் டான் எஞ்சின், 1905, 12,000 குதிரைசக்தி, கப்பல்களுக்கான கவசத் தகடு உருட்டிய நீராவி எஞ்சின். அதை ஓட்டிக் காட்டுகிற நாட்கள் இருக்கின்றன, முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். தரை அதிரும்போது நீங்கள் வேலை பார்த்த காலம் நினைவுக்கு வரும்.

சாப்பாட்டுக்கு மனைவி கவலைப்பட வேண்டாம், இப்போது எல்லாம் கிடைக்கிறது. ஒன்று மட்டும்: யார்க்‌ஷரில் பல கடைகளில் உருளைக்கிழங்கு சிப்ஸை மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். எந்த எண்ணெய் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எண்ணெயில் பொரிக்கிற கடை கிடைத்தால் சூடான சிப்ஸ் மேல் ஹென்டர்சன்ஸ் ஊற்றிச் சாப்பிடச் சொல்லுங்கள்.

மகளுக்குக் குளிர்க்கோட்டு அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அடிப்பாகம் வழுக்காத ஷூ மட்டும் முதல் நாளிலிருந்தே காலில் இருக்கட்டும், அங்கே சரிவு அப்படி. அறை எந்தத் தெருவில் என்று தெரிந்ததும் இங்கே எழுதுங்கள், ஏற்றம் எந்தப் பக்கம் என்று சொல்கிறேன்.